கடைசிக்குத் தள்ளிய பிராக்டிகல்

ஜவ்வாது மலையிலிருந்து கீழே காலேஜுக்குப் போனவர்களின் மார்க் ஷீட்டுகளை என்னிடம் கொடுங்கள். பெயரை மறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை. யார் தினமும் மலை பஸ்ஸில் வந்தவர், யார் ஹாஸ்டலில் தங்கியவர் என்று சொல்லிவிடுவேன். பஸ்ஸில் வந்தவருக்கு ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு பாடம் போயிருக்கும். என்ன பாடம் என்பதில் ஒன்றுமில்லை. அந்த வருடம் டைம்டேபிளில் முதல் பீரியடில் எது இருந்ததோ, அது போயிருக்கும்.

காலேஜ் ஒன்பதரைக்கு. எங்கள் பஸ் வளைவுகளையெல்லாம் இறங்கி டவுனுக்கு வந்து சேரப் பத்தேகால். பனி இறங்கும் மாதங்களில் பத்தரை. மூன்று வருடம் நான் முதல் பீரியடைக் கண்ணால் பார்த்ததில்லை. வாத்தியார் கரும்பலகையை அழித்துக்கொண்டிருக்கும்போதுதான் உள்ளே நுழைவேன். என்ன நடத்தினார் என்பதை அந்தச் சுண்ணாம்புக் கறையைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

நான் சேர்ந்தது பி.எஸ்சி. தாவரவியல். மலைப் பெண்ணுக்குச் செடி கொடி தெரியும் என்று விண்ணப்பத்தை வாங்கியவரே முடிவு செய்து எழுதிவிட்டார். எனக்குத் தெரிந்த செடிகளில் ஒன்றுகூட சிலபஸில் இல்லை, அது வேறு கதை. முதல் வருடத்தில் துணைப்பாடமாகக் கெமிஸ்ட்ரி வந்தது. அதற்கு ஒரு பிராக்டிகல். செவ்வாய்க்கிழமை முதல் மூன்று பீரியடும் லேப். நான் போய்ச் சேரும்போது கரைசல்களையெல்லாம் ஊற்றிக் கொடுத்து முடித்திருப்பார்கள். "அடுத்த வாரம் சீக்கிரம் வாம்மா" என்பார் லேப் மேடம். அடுத்த வாரமும் அதே பஸ்தான் வரும். வருடக் கடைசியில் ரெக்கார்டு நோட்டில் பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. ரெக்கார்டில் கையெழுத்து இல்லாமல் பிராக்டிகல் பரீட்சைக்கு உள்ளே விட மாட்டார்கள்.

அப்போதுதான் நான் திட்டம் போட்டேன். என்னைவிடப் பெரிய திட்டக்காரி அந்தக் காலேஜில் இருந்திருக்க மாட்டாள். பஸ்ஸில் கூட வந்த ஒரு சீனியர் அக்கா சொல்லிக் கொடுத்த வழி. "பிராக்டிகல் இன்னாடி பெரிய விஷயம்? ஒரு நாள் வேல. எப்ப வேணா போய் ஊத்திட்டு வந்துடலாம். மொதல்ல தியரிய முடி" என்றாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். எந்த செமஸ்டரில் எந்த அரியரைக் கட்ட வேண்டும், எதை அடுத்ததற்கு விட வேண்டும், எந்தப் பாடத்தை எதோடு சேர்த்துப் படித்தால் சுலபம் என்று மூன்று வருடத்துக்கும் எழுதினேன். கடைசிக் கட்டத்தில் 'கெமிஸ்ட்ரி பிராக்டிகல். கடைசியில். ஒரு நாள் வேலை' என்று எழுதிச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடும் போட்டேன்.

எங்கே தப்பு செய்தேன் என்பதை இன்று நன்றாகச் சொல்ல முடியும். நான் எத்தனை பாடம் பாக்கி என்று எண்ணினேன். எத்தனை வாய்ப்பு பாக்கி என்று எண்ணவில்லை. தியரி அரியரை வருடத்துக்கு இரண்டு முறை எழுதலாம். பிராக்டிகல் வருடத்துக்கு ஒரே முறை, கோடை தொடங்கும்போது. எங்கள் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடப் படிப்புக்கு மேலே இரண்டு வருடம் சலுகை. அதற்குள் எல்லாம் முடியாவிட்டால் எழுதிப் பாஸான பாடங்களும் சேர்த்துப் போய்விடும். அப்படியானால் பிராக்டிகலுக்கு மொத்தம் ஐந்தே வாய்ப்பு. முதல் வாய்ப்பைத் திட்டம் போட்ட அன்றே நான் தூக்கிப் போட்டிருந்தேன்.

இரண்டாம் வருடம் விலங்கியல் பிராக்டிகலும் இதுவும் ஒரே நாளில் வந்தன. திட்டப்படி இது கடைசிதானே என்று அதற்குப் போனேன். அந்த வருடமே சனிக்கிழமைகளில் போய் ரெக்கார்டை முடித்துக் கையெழுத்தும் வாங்கி வைத்துவிட்டேன், அதில் எனக்குப் பெருமை வேறு. மூன்றாம் வருடம் பரீட்சைக்கு நாலு நாள் முன்னால் எனக்கு அம்மை போட்டது. வேப்பிலை பரப்பிய பாயில் படுத்துக்கொண்டு, முகமெல்லாம் கொப்பளத்தோடு, இன்று பியூரெட்டில் ஊற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். கண்ணுக்குச் சேதமில்லாமல் இறங்கியது ஆத்தாள் கருணை என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

மூன்றாம் வருடம் முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு காகிதம் கொடுத்தார்கள். 'இவர் இந்தக் கல்லூரியில் மூன்றாண்டு படித்து முடித்தார்' என்று இருக்கும். தேறினார் என்று இருக்காது. அப்பா எழுத்துக்கூட்டிப் படிப்பார். முடித்தார் என்ற இடத்தில் விரலை வைத்து, "பாஸா?" என்று கேட்டார். வெளியூருக்கு மிளகு பறிக்கவும் கீழே கரும்பு வெட்டவும் போய்ப் போய்த் தோள் இறங்கிப்போன மனிதர். எங்கள் ஊரில் எனக்கு முன்னால் எந்தப் பெண்ணும் பன்னிரண்டாவதைத் தாண்டியதில்லை. "ஆமாம்பா" என்றேன். அடுத்த வருடம் எழுதிவிடப் போகிறேன், பிறகென்ன பொய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாளே அப்பா தன் பழைய பைக்கில் கீழே போய் அந்தக் காகிதத்தை லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

நாலாம் வருடம் படவேட்டில், கோயிலுக்குப் போகும் வழியில், பூஜைச் சாமான் கடை ஒன்றில் வேலைக்கு நின்றேன். மிச்சமிருந்த இரண்டு தியரியையும் அங்கிருந்தே படித்து முடித்தேன். பிராக்டிகலுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி தை மாதக் கூட்டத்தில் வந்து போய்விட்டது. எங்கள் வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப்பில் ஆளாளுக்குக் கல்யாணப் பத்திரிகை போட்டுக்கொண்டிருந்தார்கள். காலேஜ் அறிவிப்பை யாரும் போடவில்லை. எல்லோரும் பாஸாகிப் போயிருந்தார்கள், அவர்களுக்கு எதற்கு அது? தேங்காய்க்கும் கற்பூரத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

இருந்தது ஐந்தாம் வருடம் ஒன்றுதான். இந்த முறை நான் எதையும் விடவில்லை. மார்கழியிலிருந்தே காலேஜ் ஆபீஸுக்கு நடந்து விண்ணப்பம் கட்டினேன். பரீட்சை ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டு முதல் ஐந்து வரை. அரியர்காரர்களுக்கு மதிய பேட்ச்தான். அதே வாரம் செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு.

எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டினால் எட்டு நாள். கட்டும் நேரத்தில் ஊருக்குள் இருப்பவர்கள் பகலில் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம். ஆனால் இருட்டுவதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும், வெளியே ராத் தங்கக்கூடாது. மதிய பேட்ச் முடிய ஐந்து மணி. டவுனிலிருந்து மலைக்குக் கடைசி பஸ் நாலு மணி. இதற்கும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். காப்புக் கட்டும்போது ஊரில் இல்லாவிட்டால் கட்டுப்பாடு இல்லை. பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் முதல் நாளே இறங்கிவிடுவார்கள். நானும் ஞாயிற்றுக்கிழமையே பையை எடுத்துக்கொண்டு சந்தவாசலில் இருக்கும் சித்தி வீட்டுக்கு இறங்கிவிட்டேன். வீட்டில் வேலைக்கு இன்டர்வியூ என்று சொன்னேன். "திருநா முடியறதுக்குள்ள வந்துடும்மா, கடைசி நாள் பொங்கல் நீதான் வைக்கணும்" என்றாள் அம்மா. முதன்முறையாக என் திட்டம் ஒழுங்காக ஓடியது.

திங்கட்கிழமை ஹால் டிக்கெட் வாங்கக் காலேஜுக்குப் போனேன். லேப் மேடம் மாறியிருந்தார். புது மேடம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ரெக்கார்டு எடுத்துட்டு வந்துடும்மா. இல்லாம உள்ள விட முடியாது" என்றார். கையெழுத்து வாங்கி மூன்று வருடம் ஆகிவிட்டதே, இனி அது எதற்கு என்று நினைத்துவிட்டேன். ரெக்கார்டு வீட்டுப் பரணில் சாக்குப் பையில் கிடந்தது.

ஒரு போன் போட்டிருந்தால் போதும். எங்கள் மலையில் மருந்திலிருந்து பலாப்பழம் வரை எல்லாம் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். அப்பா நோட்டைக் கொடுத்துவிட்டிருப்பார், நான் கீழே வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் பாஸான பெண்ணுக்கு ரெக்கார்டு எதற்கு என்று கேட்டால்? ஒரு பொய்க்குக் காவல் இருப்பது அரசாங்க உத்தியோகத்தைவிடக் கஷ்டம், அதில் லீவே கிடையாது. செவ்வாய் காலை பஸ்ஸில் நானே ஏறினேன். பத்தரைக்குப் போய்ச் சேர்ந்து, நோட்டை எடுத்துக்கொண்டு, அன்று கீழே இறங்கும் கடைசி பஸ்ஸான மூன்று மணி பஸ்ஸில் போய்விட்டால் காப்பு கட்டும்போது நான் ஊரில் இல்லை. காப்பு விளக்கு வைக்கும் நேரத்தில்தானே.

வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள். சாணி மெழுகிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். ஒரு பழைய நோட்டு வேண்டும் என்று பரணில் ஏறினேன். சாக்குப் பையில் எல்லாம் இருந்தன, ரெக்கார்டு இல்லை.

"அந்த அட்ட போட்ட பெரிய நோட்டா? உங்கப்பா குடுத்துட்டாரே" என்றாள் அம்மா. "ஓடைக்கு அந்தாண்ட வூட்டுப் பொண்ணு இல்ல, உன் காலேஜ்லயே உன் படிப்பே சேந்துக்குது. எங்க பொண்ணு எழுதுனது, இத பாத்து எழுதுன்னு கொண்டு போய் குடுத்தாரு. ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காரு."

ஓடைக்கு அந்தாண்ட வீடு என்றால் எங்கள் ஊர் எல்லைக்குள்தான், ஆனால் ஏறி இறங்கி ஒரு மணி நேர நடை. ஓடினேன். அந்தப் பெண் வீட்டில் இல்லை, கோயிலுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். காட்டு வேலைக்குப் போயிருந்த அவள் அம்மா திரும்பி வரவே ஒன்றரை மணி ஆகிவிட்டது, அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு நோட்டாக எடுத்து, "இதாம்மா? இதாம்மா?" என்று காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அது அந்தப் பெண்ணின் தலையணைக்கு அடியில் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பாதி வழியில் மூன்று மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வளைவில் ஒருமுறை, அடுத்த வளைவில் ஒருமுறை. பிறகு அதுவும் கேட்கவில்லை.

அப்பா கோயில் வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏணியிலிருந்து இறங்கி வந்து, "காப்புக்கு வந்துட்டியாம்மா! ஆத்தா கூட்டியாந்துட்டா பாரு" என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை. மார்போடு அணைத்திருந்த நோட்டை முந்தானையால் மூடிக்கொண்டேன். பம்பை மேளம் ஒலிக்கத் தொடங்கியது. பூசாரி கையில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். நான் எல்லைக்குள் நின்றிருந்தேன்.

புதன்கிழமை முழுவதும் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவர் பின்னாலேயே சுற்றினேன். மூன்று முறை வாயைத் திறந்தேன். ஒருமுறை, "பசிக்குதாம்மா?" என்று கேட்டார். யாரிடமும் சொல்லாமல் போய், சந்தவாசலில் தங்கிவிட்டு வரலாமா என்றும் நினைத்தேன். இந்த எட்டு நாளில் ஊரில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டால் ஊர் என்னைத்தான் சொல்லும். ஊர் சொல்லாவிட்டாலும் நானே சொல்லிக்கொள்வேன். வேப்பிலைப் பாயில் படுத்து எழுந்தவள் நான்.

அன்று சாயங்காலம் கீழேயிருந்து ஃபிளெக்ஸ் பேனர் வந்தது. நாலு பேர் பிடித்துக் கோயிலுக்கு எதிரே கட்டினார்கள். அம்மன் படம், சிங்கம், ஊர்ப் பெரியவர்கள் முகங்கள். ஓரத்தில் வட்டத்துக்குள் என் முகம், காலேஜ் அடையாள அட்டையில் இருந்த படம். என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. அதன் கீழே 'எங்கள் ஊரின் முதல் பட்டதாரிப் பெண்' என்று மஞ்சள் எழுத்து. அப்பா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு எனக்குப் பட்டுப் பாவாடை தாவணி கட்டி, பூ வைத்து, கையில் மாவிளக்குத் தட்டைக் கொடுத்தார்கள். பட்டதாரிப் பெண்தான் முதல் தட்டு எடுக்க வேண்டும் என்று நாட்டாமை சொன்னாராம். வரிசையில் எனக்குப் பின்னால் ஓடைக்கு அந்தாண்ட வீட்டுப் பெண் நின்றிருந்தாள். முதல் வருடப் பிள்ளை. ஒரு நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

"நீ இன்னா இங்க நிக்கிற? முதல் வருசத்துக்கும் இந்த வாரந்தானே கெமிஸ்ட்ரி பிராக்டிகல்?" என்றேன்.

"காலைல பேட்ச்சுக்கா. போவல" என்றாள் சாதாரணமாக. "பஸ்ஸு லேட்டுல ரெக்கார்டு பாதி முடியல. உங்க நோட்ட பாத்து எழுதிக்கினு இருந்தேன், நீங்க எடுத்துக்கினு போய்ட்டீங்க. பரவால்லக்கா. உங்க கடைசிப் பக்கத்துல கட்டம் போட்டிருந்தீங்க இல்ல? அத அப்பவே அப்படியே எழுதி வெச்சுக்கினேன். பிராக்டிகல் கடைசில, ஒரு நாள் வேல. நீங்க அப்படித்தானே பாஸ் பண்ணீங்க?"

கையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் டிகிரி போனதற்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அவள் கையெழுத்தில், அவள் நோட்டில், சிவப்பு அடிக்கோடோடு என் முட்டாள்தனம் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வருடம் அதை இன்னொருத்தி எழுதிக்கொள்வாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த மலையிலிருந்து இறங்கும் பெண்கள் ஒவ்வொருத்தியும் ஒரு வாய்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

"அந்தத் தாள கிழிச்சுப் போட்டுடு. நான் பாஸ் பண்ணல" என்றேன்.

பம்பைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "இன்னாக்கா?" என்றாள். நான் இன்னும் உரக்கச் சொன்னேன். "நான் பாஸ் பண்ணல. அந்த பிராக்டிகல இன்னிக்கு வரைக்கும் எழுதல. இப்ப ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சிருப்பாங்க. இன்னியோட எல்லாம் போச்சு." சொல்லி முடிக்கும்போது பம்பை நின்றிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு எதிரே இருந்த பேனரைப் பார்த்தாள்.

"அப்ப அதுல போட்டிருக்கறது?" என்றாள்.

விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் பக்கத்தில் வந்த அப்பா அங்கேயே நின்றுவிட்டார். எண்ணெயை ஊற்றினார். வரிசை நகர்ந்தது, நானும் நடந்தேன்.

எட்டாம் நாள் காப்பு அவிழ்த்த பிறகு பேனரைக் கழற்றியவர் அப்பாதான். லேமினேஷன் போட்ட காகிதத்தை மட்டும் அவர் கழற்றவில்லை, நானும் கழற்றவில்லை. அந்தப் பெண் அந்தத் தாளைக் கிழித்துவிட்டாள், அடுத்த கோடையில் முதலில் பிராக்டிகலைத்தான் எழுதப் போகிறாளாம். எழுதினால் சரி. என் விஷயத்தில் இனி போடுவதற்குத் திட்டம் ஒன்றும் இல்லை. காலேஜ் ஆபீஸில் கேட்டாகிவிட்டது, பல்கலைக்கழகத்துக்கு மனு கொடுத்தாகிவிட்டது. ஐந்து வருடம் முடிந்தால் முடிந்ததுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊரில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். நாட்டாமை ஒருநாள் வழியில் நிறுத்தி, "பரீட்சைன்னு சொல்லியிருந்தா தேங்கா ஒடச்சு உத்தரவு குடுத்திருப்பனேம்மா. நம்ம சென்ட்ரிங் வேலைக்குப் போற பையன் போன வருசக் காப்புல போலீஸ் பரீட்சைக்குப் போய் ரெண்டு ராத்திரி தங்கிட்டு வர்ல? படிக்கறவங்கள ஆத்தா இன்னா செய்வா?" என்றார். எனக்கு அது தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. சாமை அறுத்துப் போட்ட களத்தில் உட்கார்ந்திருந்தோம். என்னைப் பார்க்காமல், நிழலில் நிறுத்தியிருந்த தன் பழைய பைக்கைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அஞ்சு மணிக்குத்தானே முடியுது? ஆறுக்குள்ள எல்ல தாண்டி உள்ள வந்திருக்கலாமே. வண்டி இருந்துச்சேம்மா. சொல்லியிருந்தா அப்பா வந்திருக்க மாட்டனா?"